சமர்த்தாக ஓடிய மெஷின்

ஜனவரி 15, வியாழன்

இன்றும் சாயோவுக்கு ஒரு சட்டை அதிகமாகப் போட்டுவிட்டேனாம். காப்பகத்து வாசலில் பான் டீச்சர் அவள் கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சாயோ அம்மா, உள்ளே ஒரே வேர்வை. ரெண்டு கழட்டிடவா?"

"வெளியே ரெண்டு டிகிரி, டீச்சர்."

"குழந்தைக்கு அது தெரியாது. உங்களுக்குத்தான் தெரியுது."

கம்பளிச் சட்டையையும் சாக்ஸையும் உருட்டி என் பையிலேயே வைத்துவிட்டார். அங்கே எல்லாக் குழந்தைகளும் மெல்லிய சட்டை, வெறுங்கால். சாயோ என் கழுத்தை விடாமல் கத்தினாள். டிராம் நிறுத்தத்திலும் அந்தச் சத்தம் கேட்டது. கேட்டிருக்க முடியாது, நடுவில் பெரிய சாலை இருக்கிறது. ஆனாலும் கேட்டது.

ஆபீசில் பேனா எடுக்கப் பைக்குள் கை விட்டால் சாக்ஸ் வருகிறது.

மதியம் எங்கள் பிரிவுத் தலைவர் சுகியுரா சான் தன் மேசைக்குக் கூப்பிட்டார். "மார்ச்சோட இந்த மாடல் முடியுது. ஏப்ரல்ல யார் எங்கேன்னு நான் எழுதிக் கொடுக்கணும். கையேடு எழுதுற பிரிவுல ஒரு இடம் இருக்கு, மாகினோ சான். நாலு மணிக்குக் கிளம்புறவங்களுக்கு அங்கே நிம்மதி. அங்கே எதுவும் சுத்தாது."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆறு வருஷமாக நான் செய்வது ஒன்றே ஒன்றுதான் — வாஷிங் மெஷின் துணி பிழியும்போது உச்ச வேகத்தில் மோட்டார் கை மீறிப் போகாமல் பார்த்துக்கொள்ளும் புரோகிராம். எனக்குச் சுற்றுவதுதானே பிடிக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அசட்டுச் சிரிப்பு வேறு.

ஜனவரி 19, திங்கள்

என் கணவன் ரியோஜிக்கு இன்று மாலை விடுமுறை. மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து முட்டைக்கோஸும் மீனும் கொதிக்கவைத்துச் சாப்பிட்டோம். சாயோவுக்குச் சிகுவா துண்டு. மீன் விழுதைக் குழாயாக உருட்டிச் சுட்ட அதன் ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு மோதிரம் போல ஆட்டினாள்.

"உன் மெஷின் என்னதான் பண்ணுது? தினம் அதைப் பத்தியே முணுமுணுக்கிறே" என்றான்.

டிராம் ஓட்டுகிறவனுக்கு மோட்டாரைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம் என்று நினைத்தேன். காந்தம் வேகமாகச் சுற்றச் சுற்ற, கம்பிச் சுருளில் அதுவே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கும். ஒரு வேகத்தில் அது, நாம் சுவரிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடியதற்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் தள்ள வழி இல்லை. ஆனால் அந்த வேகத்தில் பிழிந்தால் துணி சொட்டும். ஆகவே கொடுக்கிற மின்சாரத்தில் ஒரு பங்கைச் சுற்றுவதற்குத் தராமல் காந்தத்துக்கு எதிராகத் திருப்பி, அதன் பலத்தை அமுக்கிப் பிடிக்கிறோம். எங்கள் பிரிவில் அதற்குப் பெயரே 'அமுக்கு'. அமுக்கினால் எதிர் வோல்டேஜ் இறங்கும். மோட்டார் இன்னும் வேகமாக ஓடும். உச்சத்தில் ஓடும்போது திடீரென்று கையை எடுத்துவிடக் கூடாது. காந்தம் முழு பலத்தோடு எகிறி, வோல்டேஜ் வீட்டுப் பக்கம் திரும்பிப் பாயும்.

"புரிஞ்சது. புருஷனைப் பேசவிடாம வேலை வாங்குறது."

"ஆமாம். கையை எடுத்தா எகிறுறதும் அதேதான்."

சாயோ எதற்கோ கைதட்டினாள்.

ஆபீசிலும் இன்று சிரிப்புதான். சோதனைக்காக எட்டு வீடுகளில் புது மெஷின் ஓடுகிறது. தினமும் அவற்றின் கணக்கு எங்களுக்கு வந்துவிடும். கமியா அதைத் திரையில் போட்டுக் காட்டினான். நான் பிரசவ விடுப்பில் இருந்த வருஷம் முழுக்க என் வேலையைப் பார்த்தவன் அவன். கெட்டிக்காரன், கொஞ்சம் சத்தம் அதிகம்.

"பாருங்க, எட்டுல எது முதல் ரேங்க்? ஈடா! எங்க அத்தை வீடு!"

ஈடா மலைக்குள் இருக்கும் ஊர். குளிர் ஊர். மற்ற வீடுகளைவிட அங்கே அமுக்கு குறைவாகவே தேவைப்படுகிறது. உச்ச வேகத்தை அலட்டிக்கொள்ளாமல் தொடுகிறது. டிசம்பரில்கூட இவ்வளவு நன்றாக இல்லை. நாளாக நாளாக மெருகேறியிருக்கிறது.

"ஏன்?" என்றேன்.

"ஏன்னா அத்தை நல்லவங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். புரோகிராமில் நான் விடுகிற பாதுகாப்பு இடைவெளிக்கு இவர்கள் 'மாகினோ அளவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தேவையான இடைவெளியைப்போல இரண்டு மடங்கு என்று அர்த்தம்.

ஜனவரி 22, வியாழன்

கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பினேன். பூட்டியிருந்தது. டிராம் போய்விட்டது.

ஜனவரி 27, செவ்வாய்

சாயோ இன்று அழவே இல்லை!

பான் டீச்சரின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு எனக்குக் கையை ஆட்டினாள். "அடேயப்பா, பெரிய மனுஷி ஆயிட்டா" என்றார் டீச்சர். எனக்குக் கால் தரையில் படவில்லை. வழியில் பேக்கரிக்குள் நுழைந்து கிரீம் பன் வாங்கித் தின்றேன். வந்த டிராமை ஓட்டியது ரியோஜி. வேலை நேரத்தில் குடும்பத்தோடு பேசக் கூடாது. கண்ணாடி வழியாக, அழவில்லை என்று கன்னத்தில் விரலால் கோடு இழுத்துத் தலையை ஆட்டிக் காட்டினேன். அவன் நேராகப் பார்த்தபடி, வெள்ளைக் கையுறைக் கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் தூக்கினான்.

பதினோரு மணிக்குக் காப்பகத்திலிருந்து போன். சாயோவுக்கு முப்பத்தெட்டரை டிகிரி.

சமர்த்து இல்லை. காய்ச்சல். காலையிலேயே உடம்பில் தெம்பு இல்லை, அதனால்தான் அழவில்லை. நான் என்னடாவென்றால் கிரீம் பன் தின்றிருக்கிறேன்.

டாக்டர் சாதாரணக் காய்ச்சல்தான் என்றார். இப்போது தூங்குகிறாள். மூச்சு சீராக இருக்கிறது. எழுதும்போதே நான்கு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

அந்த ஈடா மெஷின். அதுவும் சமர்த்தாகிவிட்டது. நாளாக நாளாக.

ஜனவரி 28, புதன்

லீவு. சாயோவின் காய்ச்சல் இறங்கிவிட்டது, வாழைப்பழம் கேட்டாள். போர்வையெல்லாம் துவைத்துப் போட்டேன்.

மெஷின் சுற்றுவதைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்து யோசித்தேன். அமுக்கு குறைவாகத் தேவைப்படுகிறது என்றால், அமுக்கவேண்டிய காந்தத்தில் பலம் குறைந்திருக்கிறது என்றும் அர்த்தம் ஆகலாம் இல்லையா? பலம் குறைந்த காந்தம் உச்ச வேகத்துக்கு வசதி. எதிர்த்துப் பேசாது. ஆனால் ஈரத் துணியை மெதுவாகப் புரட்ட வேண்டிய இடத்தில் அதற்கு மூச்சு வாங்கும்.

காந்தம் எப்படிப் பலம் இழக்கும்? போன மாடல் வரை எங்களிடம் அரிய உலோகக் காந்தம். அதற்குச் சூடுதான் ஆகாது. சூடாக இருக்கும்போது எதிர்ப்பக்கமாக ரொம்ப அமுக்கினால் பலத்தை நிரந்தரமாக விட்டுவிடும். அதனால் எங்கள் சோதனை எல்லாம் சூட்டில். இந்த மாடலில் ஃபெரைட். கறுப்பாக, சட்டி ஓடு மாதிரி உடையும் சாதாக் காந்தம். அதற்கு எல்லாமே தலைகீழ். சூட்டில் தாங்கும். குளிரில்தான் ஆகாது. கல்லூரியில் படித்தது, பரீட்சையில் எழுதியது. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், பழைய பழக்கத்தில் சூட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோமா?

அப்புறம் இன்னொன்று: குளிரில் ஃபெரைட்டின் பலம் முதலில் கொஞ்சம் கூடும். கூடினால் புரோகிராம் இன்னும் அதிகமாக அமுக்கும். அமுக்கு தாங்காத நேரம் பார்த்து அதிக அமுக்கு!

ஆனால் குளிர் அறையிலும் ஒரு மெஷினை ஓட்டிப் பார்த்தோமே. பாஸ் ஆயிற்றே.

எப்படி பாஸ் ஆயிற்று? உச்ச வேகத்தைத் தொட்டதா என்று பார்த்தோம். தொட்டது, அழகாகத் தொட்டது. அதே மெஷினை வெளியே எடுத்து இழுவை, அதாவது ஈரத் துணியைப் புரட்டும் பலம், இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புது மெஷின், முடிந்ததும் சிவப்பு அட்டை கட்டி மூலையில். அப்படித்தான் எப்போதும் செய்வோம்.

கமியாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவன் அத்தைக்குப் போன் செய்தேன். குமகாய் சான். குரலிலேயே உருண்டையான மனுஷி என்று தெரிந்தது.

"மெஷினா? நல்லா ஓடுதும்மா. பிழிஞ்சு எடுத்தா துணி அப்பளம் மாதிரி வருது."

"கனமான துணி போட்டா எப்படி இருக்கு?"

"போர்வை போட்டா மட்டும் முக்கும். முன்னே இல்லே, புதுவருஷத்துக்கு அப்புறம்தான். வயசாயிடுச்சோ என்னவோ, எனக்கும் அப்படித்தானே. குறை சொன்னா நம்ம பையனுக்குக் கெட்ட பேராச்சேன்னு சொல்லலே. ஏம்மா, சொல்லியிருக்கணுமா?"

"எந்த நேரத்துல ஓட்டுவீங்க?"

"டைமர் வெச்சிடுவேன். நான் எழுந்திருக்கிறதுக்குள்ளே முடிஞ்சிடும். மெஷின் பின்கட்டுச் சாய்ப்புல இருக்கு. அங்கே என்ன குளிர்ங்கறே! குழாய்க்குச் சூடு கம்பி சுத்தி வெச்சிருக்கேன், உறையாம இருக்க. மெஷினுக்கும் சுத்தணுமா?"

'பின்கட்டு, விடிகாலை' என்று குறித்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது.

ஜனவரி 29, வியாழன்

சொல்லிவிட்டேன். கமியா முகம் சுருங்கிவிட்டது. அமுக்கின் உச்ச வரம்பை இந்த மாடலுக்காக உயர்த்தியது அவன்தான். கணக்கில் தப்பு இல்லை — கணக்கு சாதாரண அறை வெப்பத்துக்கு.

"எட்டுல ஒண்ணு நல்லா ஓடுதுன்னு பயப்படுறது உங்களுக்குத்தான் வரும், மாகினோ சான்."

"அத்தையே முக்குதுன்னு சொன்னாங்க."

"அத்தை எங்கிட்டே சொல்லலியே."

சுகியுரா சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குளிர் அறை மெஷினை இழுவை மேடையில் ஏற்றிப் பார்க்கலாம் என்றேன். சிவப்பு அட்டை கட்டியது, பிப்ரவரி 12-ஆம் தேதி முடிவுக் கூட்டம் வரை சாட்சி மாதிரி, தொடக் கூடாது என்றார். "சந்தேகத்துக்காகக் கூட்டத்தைத் தள்ளிப்போட முடியாது. அன்னிக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டா ஏப்ரல்ல கடைக்குப் போகுது. நீங்க ஒரு எண் கொண்டு வாங்க. எண் இருந்தா நான் பேசுறேன்."

எண் வரவில்லை என்றால்? அல்லது வந்து, காந்தம் நன்றாகவே இருந்தால்? பயந்தாங்கொள்ளி, நாலு மணிக்குப் போகிறவள், அதோடு கூட்டத்தையும் குழப்பப் பார்த்தவள். எதுவும் சுற்றாத பிரிவுக்கு நானே நடந்து போகலாம்.

நான் சும்மா இருந்தால் — வடக்கே எத்தனை வீட்டில் பின்கட்டுச் சாய்ப்பு இருக்கிறது?

பிப்ரவரி 3, செவ்வாய்

வருஷா வருஷம் போல பேயை விரட்டினோம். ரியோஜி சிவப்புக் காகித முகமூடி போட்டுக்கொண்டு குளியலறையிலிருந்து பாய்ந்தான். வறுத்த பீன்ஸை எறியவேண்டிய சாயோ, பேயின் மடியில் ஏறி உட்கார்ந்து அந்த பீன்ஸை அதன் வாயில் ஊட்டினாள். சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் மாட்டும் என்று ஒன்று விடாமல் எண்ணிப் பொறுக்கினேன். ஒன்று குறைந்தது. பேயின் சாக்ஸுக்குள் இருந்தது.

பிப்ரவரி 7, சனி

ஈடாவுக்குப் போய் வந்தோம்!

"தனியா போறேன்" என்றேன். "மலை ரயில்ல போறதுக்கு என்னை விட்டுட்டா?" என்றான் ரியோஜி. வாரம் முழுக்க வண்டி ஓட்டுகிறவன், விடுமுறையில் இன்னொருத்தர் ஓட்டும் வண்டியில் உட்காரத் துடிக்கிறான். இரண்டரை மணி நேரமும் டிரைவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றான், சாயோவைத் தூக்கிக்கொண்டு. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு பேரும் "ஓ..." என்றார்கள். எனக்கு மடியில் ஆபீஸ் மீட்டர், அது பத்திரமாக இருக்கிறதா என்ற கவலை, ஜன்னலில் உறைந்துபோன நதி.

குமகாய் சான் நினைத்தது போலவே உருண்டை. வாசலிலேயே சாயோவைப் பிடுங்கிக்கொண்டு அடியில் கணப்பு வைத்த மேசையின் போர்வைக்குள் செருகிவிட்டார். தலை மட்டும் வெளியே. உலர்ந்த பெர்சிமன் பழத்தைக் கையில் கொடுத்தார்.

"எவ்வளவு துணிடா கண்ணு உனக்கு! உள்ளே குழந்தை இருக்கா, வெங்காயமா?" ஒவ்வொன்றாக உரித்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பின்கட்டில் தண்ணீர் வாளியில் ஐஸ் மிதந்தது. மெஷினின் முதுகுத் தகட்டைக் கழற்றி மோட்டாரின் மூன்று கம்பிகளிலும் மீட்டரைக் கவ்வவிட்டேன். விரல் மரத்துப்போய் ஒரு திருகு உருண்டு அடியில் போனது. ரியோஜி தரையில் படுத்து அதைத் தேடினான்.

செய்யவேண்டியது சின்ன வேலைதான். மோட்டாரை நடு வேகத்துக்குக் கொண்டுபோய் மின்சாரத்தை விட்டுவிட வேண்டும். டிரம் சும்மா சுற்றியபடி தணியும். அந்த நேரத்தில் கம்பிகளில் வருகிற வோல்டேஜ் காந்தம் தானே உண்டாக்குவது. பொய் சொல்லாது. குளிர் என்பதால் புது மெஷினைவிடக் கொஞ்சம் கூடவே காட்ட வேண்டும்.

குறைவாகக் காட்டியது.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் புது மெஷினைவிட எட்டு சதவீதம் குறைவு. குளிருக்குச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் மோசம்.

"என்ன? நல்ல சேதியா கெட்ட சேதியா?" படுத்தபடியே கேட்டான்.

"எனக்கே தெரியலே."

குமகாய் சான் கோஹெய் சோற்று உருண்டை சுட்டுக் கொடுத்தார். குச்சியில் குத்தி, அக்ரூட்டும் மிசோ என்ற சோயா விழுதும் பூசியது. நான் மூன்று தின்றேன். திரும்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பையனைத் திட்டிடாதேம்மா. சின்ன வயசுல வெயில்ல தொப்பி போட மறப்பான், பனியில கையுறை மறப்பான். ஆனா சொன்னா கேட்டுப்பான்" என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு மெஷின்தான். ஒரு மெஷினில் தயாரிப்பிலேயே காந்தம் மோசமாக இருந்திருக்கலாம் என்று சொல்லுவார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லுவேன்.

பிப்ரவரி 11, புதன்

பேய்த் திருவிழா. ஊரே வெள்ளை. சிவப்புப் பேய் ஓடிவந்து மாவை வாரி இறைக்க, அது பட்டால் நோய் அண்டாது என்று எல்லோரும் முண்டியடித்து வாங்கிக்கொள்வோம். சாயோவைப் பேய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகலாமா, மாவு மூக்கில் போகுமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பேய் வந்துவிட்டது. மூன்று பேரும் வடைக்குப் பிசைந்த மாதிரி ஆனோம். சாயோ கத்திய கத்தலில் பேயே ஒரு அடி பின்வாங்கியது.

கூட்டத்தில் இன்னொரு வெள்ளை உருவம் என் தோளைத் தட்டியது. கமியா. புருவம் மட்டும் கறுப்பு.

"அத்தை போன் பண்ணினாங்க. நீங்க தரையில உக்காந்து, மூக்கு சிவக்க, மூணு தடவை அளந்தீங்களாம். 'அந்தப் பொண்ணு உன்னைக் குறை சொல்லலே, காந்தத்தைத்தான் முறைச்சுப் பார்த்துது'ன்னாங்க."

"எட்டு சதவீதம், கமியா சான்."

"தெரியும். ராத்திரி பூரா கணக்கை மைனஸ் அஞ்சு டிகிரியில வெச்சுப் போட்டுப் பாத்தேன். வரம்பு தாண்டுது. நிறையவே." கொஞ்ச நேரம் மாவைத் தட்டினான். "குளிர் அறைச் சோதனைக்குப் பொறுப்பாளர் நான்தான். சிவப்பு அட்டையில இருக்கறது என் பேரு. கட்டினவன் அவிழ்க்கலாம். நாளைக்கு மேடை மதியம்தான் காலியாகும். கூட்டத்துக்குள்ளே முடியுமான்னு தெரியலே."

"சுகியுரா சான் திட்டுவார்."

"திட்டட்டும். நாளைக்குப் போடப்போற கையெழுத்துல என்னோடதும் ஒண்ணு."

சாயோ அவன் மூக்கைப் பிடித்து மாவைத் தேய்த்தாள்.

(மறக்காமல்: இந்தத் துணிகளை வெளியே உதறிவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். நனைந்தால் பசை. சொந்த மெஷினுக்கே துரோகம்.)

பிப்ரவரி 12, வியாழன்

கூட்டம் மூன்று மணிக்கு. என் பகுதி கடைசி. நிறம், கதவு, சோப்புப் பெட்டி மூடியின் 'க்ளிக்' சத்தம் — அந்தச் சத்தத்துக்கு மட்டும் கால் மணி நேரம்! கமியாவின் நாற்காலி காலி. நான் மேசைக்கடியில் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். நான்கு மணிக்குக் கிளம்பினால்தான் டிராம். டிராமைப் பிடித்தால்தான் காப்பகம்.

நாலாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது, "பிழிதல்" என்றார் சுகியுரா சான்.

எழுந்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. ஈடா மெஷின் முதல் ரேங்க் எடுத்தது அதன் காந்தம் செத்துக்கொண்டிருப்பதால் என்றேன். அளந்த எண்ணைச் சொன்னேன். ஃபெரைட்டுக்கு ஆகாதது குளிர், நாம் பார்த்ததெல்லாம் சூடு என்றேன். தரப் பிரிவிலிருந்து ஒருவர், "ஒரே ஒரு மெஷின்தானே?" என்றார். நினைத்தது போலவே.

"ரெண்டாவது இப்போ மேடை மேல இருக்கு. கமியா சான் அளந்துக்கிட்டிருக்கார்."

சுகியுரா சான் என்னைப் பார்த்தார். சிவப்பு அட்டையா என்று அந்தக் கண் கேட்டது. ஆமாம் என்று என் கண் சொல்லியிருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இன்னும் அரை மணி. ஆனா நான்... நான் இப்போ கிளம்பணும். குழந்தை."

இதைவிட மோசமான நேரம் வாழ்நாளில் வராது. கூட்டத்தைக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் வணங்கி, பின்பக்கமாகவே நடந்து, கதவில் முட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

டிராமில் ரியோஜி இல்லை, வேறு டிரைவர். நல்லதுதான்; இருந்திருந்தால் விதியை மீறிப் பேசியிருப்பேன்.

காப்பகத்தில் சாயோவுக்கு மூக்கு ஒழுகியது. ஒரு கையால் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. கமியா.

"குளிர் அறை மெஷின்: ஏழரை சதவீதம் குறைவு. ஈரப் போர்வையோட புரட்ட முடியாம ரெண்டு தடவை நின்னுது. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. யாரும் கையெழுத்துப் போடலே."

"கெட்ட சேதியா, சாயோ அம்மா?" என்று கேட்டார் பான் டீச்சர். நான் அழுதிருக்கிறேன் போல.

"இல்லே டீச்சர். ரொம்ப மோசமான சேதி. நல்லது."

அவருக்குப் பழகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டு சாக்ஸை என் பையில் வைத்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

சுகியுரா சான் முதலில் கமியாவைக் கூப்பிட்டு அட்டைக்காகத் திட்டினார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே. பிறகு என்னை. நானும் தயாராக நின்றேன்.

"மாடல் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போகுது. மேலே நான் பேசிக்கிறேன். குளிர்ல எவ்வளவு அமுக்கலாம்னு நீங்களும் கமியாவும் புதுசா போட்டுக் கொடுங்க." அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடி, "முடிவுக் கூட்டம் இனிமே காலையில பத்து மணிக்கு. மூணு மணிக்கு வெச்சா சோப்புப் பெட்டியே முடிய மாட்டேங்குது."

இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. கையேடு பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கேட்கவா? வேண்டாம். கேட்டால் ஞாபகம் வந்துவிடும்.

மார்ச் 3, செவ்வாய்

பெண் குழந்தைகள் திருநாளுக்குப் பொம்மைகளை அடுக்கினோம். சாயோ அரசனைக் கவிழ்த்து அரசியை மட்டும் வைத்துக்கொண்டாள்.

வழி கிடைத்துவிட்டது. மோட்டாரின் கம்பிக்கு எவ்வளவு தடை என்று முதலிலேயே அளந்தால் அது எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று தெரியும். குளிர்ந்திருந்தால் அமுக்கு கொஞ்சமாக. உச்ச வேகம் வேண்டாம், குறைந்த வேகத்தில் கூடுதல் நேரம் பிழியட்டும். ஓட ஓடச் சூடு ஏறும். ஏற ஏற வரம்பைத் தளர்த்தலாம். குளிர் நாளில் சில நிமிஷம் அதிகம் ஆகும், அவ்வளவுதான். எவ்வளவு இடைவெளி விடலாம் என்று கமியாவிடம் கேட்டேன்.

"மாகினோ அளவு போடுங்க" என்றான். சிரிக்காமல் சொன்னான்.

ஜனவரி 18, திங்கள்

எழுதிப் பத்து மாதம் ஆயிற்று. இந்த நோட்டை சோபாவுக்குப் பின்னால் சாயோதான் கண்டுபிடித்தாள். ஓரத்தில் அவள் கிறுக்கல்.

இன்று காலை வெளியே மைனஸ் ஒன்று. பத்து மணிக் கூட்டத்தில் அடுத்த மாடல் பேச்சு; பிழிதல் முதலிலேயே. அதற்கு முன் குமகாய் சான் போன் செய்தார். புது மோட்டார் மாட்டிக் கொடுத்து இது முதல் குளிர்காலம். மோட்டாரைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால் பெர்சிமன் அனுப்பியிருப்பதைப் பற்றிப் பத்து நிமிஷம். கடைசியில்தான் கேட்டேன்.

"மெஷினா? நல்லா இருக்கும்மா. போர்வையெல்லாம் சும்மா தூக்கிப் போடுது. ஆனா விடிகாலையில மட்டும் சோம்பேறி. எழுந்து நிமிர நேரம் எடுத்துக்குது. ரிப்பேரோ?"

"இல்லே. நாங்கதான் அப்படி இருக்கச் சொல்லியிருக்கோம்."

"அப்போ சரி. நானும் அப்படித்தான்."

காலையில் சாயோவைக் காப்பகத்துக்கு ஒரே ஒரு சட்டையோடு கூட்டிப் போனேன். சாக்ஸ் எடுக்கவில்லை, சரி, ஒரு ஜோடி பையில் இருந்தது. வாசலில் சாயோ என் காலைக் கட்டிக்கொண்டு, முகம் சிவக்க, தொண்டை கிழிய, பேய்த் திருவிழாவில் கத்தியது போலக் கத்தினாள். விடுமுறை முடிந்த திங்கள் என்றால் இப்படித்தான் என்று பான் டீச்சர் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். கத்தட்டும் டீச்சர், என்றேன்.

சாலையைக் கடந்து டிராம் நிறுத்தத்தில் நின்றேன். கேட்டது. நல்ல தெம்பான சத்தம். பேக்கரி திறந்திருந்தது, டிராம் வர நேரம் இருந்தது, உள்ளே போய் ஒரு கிரீம் பன் வாங்கினேன்.